இஷாக் வீட்டில் கேட்காத கிதார்

திண்டுக்கல் பேகம்பூரில் இஷாக் வீட்டில் செய்யப்பட்ட கிதார்கள் எதுவும் அந்த வீட்டில் சத்தம் கொடுத்ததில்லை. முதல் கிதாரின் ஓசை பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, வடமதுரையில் திருச்சி ரோட்டை ஒட்டி இருக்கும் மரியசெல்வியின் தையல் கடையில், ஓவர்லாக் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தது. 2013-ஆம் ஆண்டு ஆடி மாதம் அது. மரியசெல்வி முதல் நாள் பக்கத்துக் கடை ரேடியோ என்று நினைத்தார், இரண்டாம் நாள் மிஷினுக்கு எண்ணெய் விட்டார், மூன்றாம் நாளிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் டீ வாங்கிவரச் சொல்லும் நேரம் என்று வைத்துக்கொண்டார். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை. ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்தவர்கள் எல்லாரும் ரவிக்கைத் துணியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.

பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் கப்பலேறிப் போனது. சுருட்டு போனது, பெட்டிகளில் பாதி ஊரிலேயே தங்கிவிட்டன. மெல்லிய பலகை, லேசான வாசனை, எறும்பு அண்டாது. இன்றைக்கும் பழைய வீடுகளில் பீரோவைத் திறந்தால் ஒரு சுருட்டுப் பெட்டி இருக்கும், உள்ளே ரேஷன் கார்டும் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகளும் கிடக்கும். இஷாக்கின் தம்பி ரஃபி ஒருநாள் ஃபோனில் பார்த்தான், எங்கோ வெளிநாட்டில் கடையில் கிதார் வாங்க வழியில்லாதவர்கள் சுருட்டுப் பெட்டிக்குள் ஒரு கட்டையைச் செருகி மூன்று கம்பி கட்டி அருமையாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி நம் ஊரில் சும்மா கிடக்கிறது, வாசிப்பவன் மட்டும் அங்கே இருக்கிறானா என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சாவிகளை ஒரு டிபன் பாக்ஸுக்கு மாற்றினான், உடைந்த கட்டிலின் சட்டத்தைச் சீவிப் பெட்டிக்குள் செருகினான், கம்பிகளைத் தாங்கி நிற்க மூடியின் மேல் ஒரு நீளமான போல்ட்டைக் கிடத்தினான், கம்பியை முறுக்கினான். மீட்டியபோது கம்பி நன்றாக அதிர்ந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

ரஃபிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தாயும் தகப்பனும் தவறிய பிறகு பத்து வயதிலிருந்து அவனை வளர்த்தது அண்ணன் இஷாக்கும் அண்ணன் மனைவி குர்ஷித் பேகமும்தான். தோல் மண்டியில் அண்ணனுக்குத் துணையாக இருந்தான். வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் திரும்பியதும் விசிலடிப்பான். ஆறே ஸ்வரம், மூன்று ஏறும், மூன்று இறங்கும். மதினி, கதவைத் திறங்க என்று அதற்கு அர்த்தம். கிதாரிலும் அவன் அதையேதான் வாசித்துப் பார்த்தான், வேறொன்றும் அவனுக்கு வராது. "கடுகுகூடச் சட்டியில போட்டாச் சத்தம் குடுக்குது தம்பி, ஒங்க பொட்டி வாயத் தொறக்க மாட்டேங்குதே," என்று குர்ஷித் பேகம் கேலி செய்வாள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். எங்கோ ஒரு தப்பு இருக்கிறது, மூடி தடிமனாக இருக்கலாம், கட்டை வளைந்திருக்கலாம், கண்டுபிடித்தால் வாய் திறந்துவிடும் என்பான். ஒன்றேகால் வருஷம் அதையே நம்பிக்கொண்டிருந்தான்.

2014-ஆம் ஆண்டு பக்ரீத் அன்று அது நடந்தது. பக்ரீத் தோல் மண்டிக்கு வருஷத்தின் பெரிய நாள். ஊர் முழுக்கக் குர்பானி கொடுத்த ஆடுகளின் தோல் பள்ளிவாசல்களில் சேர்ந்து மண்டிக்கு வரும். உரித்த ஐந்தாறு மணி நேரத்துக்குள் உப்புத் தடவி அடுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் அழுகிவிடும். பேகம்பூரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் இது தெரியும். முதல் லோடை உப்புப் போட்டு வை என்று தம்பியிடம் சொல்லிவிட்டு இஷாக் அடுத்த லோடுக்குப் போனார். ரஃபி உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் பெட்டியோடு செத்த நேரம் உட்கார்ந்தான். மூடியை உள்பக்கமாக இழைத்தால் என்ன என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியிருக்கிறது. உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினான். இஷாக் திரும்பி வந்தபோது மணி நான்கு. நானூறு தோல்கள் குவியலாகச் சூடேறிக் கிடந்தன, மயிரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. நஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஊர்க்காரர்கள் அல்லாவுக்கென்று கொடுத்த தோல் அது, மதரஸாப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் போக வேண்டியது. இஷாக்குக்குக் கோபத்தில் கண் தெரியவில்லை. கூலியாட்கள், பள்ளிவாசல் ஆட்கள் எல்லார் முன்னாலும் பெட்டியைப் பிடுங்கிக் காலால் மிதித்தார். "ஏலே, ஒன்னையத் தம்பின்னு சொல்லிக்கிறதே எனக்கு வெக்கமா இருக்குலே," என்றார். ரஃபி கைகால் கழுவினான், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். அன்று சாயங்காலம் தெருமுனையில் விசில் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை.

இஷாக் கெட்ட மனிதர் இல்லை, இதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கோபம் அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்காது. பொழுது இறங்கி மகரிபு தொழுகை முடிவதற்குள் அவர் மனசு ஆறிவிட்டது, ஆனால் அதைத் தம்பியிடம் சொல்ல வழியில்லை. ஃபோன் அணைந்து கிடந்தது. ஆறு மாதம் கழித்து அந்த எண் தேனியில் ஒரு வாழைக்காய் வியாபாரிக்குப் போய்விட்டது, அவருக்கும் இஷாக் மூன்று நான்கு முறை ஃபோன் செய்திருக்கிறார். வியாபாரியும் நல்லவர், இன்னும் உங்க தம்பி வரலையா பாய் என்று விசாரித்துவிட்டுத்தான் வைப்பாராம். வீட்டில் ரஃபியின் சாப்பாட்டுத் தட்டைக் குர்ஷித் பேகம் எடுத்து உள்ளே வைத்தாள், மறுநாள் வெளியே வைத்தாள், இப்படியே கொஞ்ச நாள் போனது.

உடைந்த பெட்டியை இஷாக் ஒட்ட உட்கார்ந்தது 2015-ஆம் ஆண்டு தை மாதம். தம்பி வந்தால் கையில் கொடுக்கலாம் என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணம் இல்லை. பலகைத் துண்டுகளைப் பெவிகால் போட்டு ஒட்டினார், போல்ட்டை அதன் இடத்தில் கிடத்தினார், கம்பியை முறுக்கினார். அந்த ஆறு ஸ்வரங்களைத் தேடிப் பிடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது. சத்தம் கேட்காததால் தாடையைப் பெட்டியில் வைத்து அதிர்வைக் கொண்டு பிடித்தார். தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து வாசித்தார். கதவு திறந்துதான் இருக்கிறது என்று தம்பிக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார், அது தனக்கே கேட்காதபோது அவனுக்கு எப்படிக் கேட்கும் என்று நினைத்து அழவும் செய்தார். அப்படி இருக்கும்போதுதான் டோனி வந்து சொன்னார்.

டோனிக்கு ஐம்பது வயது இருக்கும். மொபெட்டில் ஊர் ஊராகப் போய்க் கறிக்கடைகளில் தோல் சேகரித்து மண்டிக்குக் கொண்டுவருவது அவர் வேலை. வடமதுரையில் மரியசெல்வியிடம் கால்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறார், ஆளில்லாமல் கிதார் கேட்டிருக்கிறது. "நம்ம ரஃபி விசில் மாதிரியே இருக்கு பாய். மூணு ஏறுது, மூணு எறங்குது. ரெண்டு வருசத்துக்கு முந்தியே வந்துச்சாம், நடுவுல நின்னு, இப்ப மறுக்கா வருதாம்." இஷாக் மறுநாள் டோனியைத் தையல் கடையில் உட்காரவைத்து ஃபோனில் பேசிக்கொண்டே ஒரு கம்பியை மீட்டினார். "ஒண்ணு," என்றார் டோனி. இரண்டு முறை மீட்டினார். "ரெண்டு." மூன்று முறை மீட்டினார். டோனி எண்ணவில்லை, "பாய், ஒங்க கைதான்," என்று மட்டும் சொன்னார். ரஃபியின் பெட்டி ஊமை இல்லை என்று அன்று தெரிந்தது. அந்த ஒன்றேகால் வருஷமும் அது பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நானூறு தோல் வீணாகப் போனது இல்லாத ஒரு குறையைச் சரிசெய்யப் போய்த்தான் என்பதை இஷாக் நினைத்துப் பார்த்தார்.

அதன் கணக்கு ஒரு வருஷத்துக்குள் பிடிபட்டது. பெட்டியை எப்படித் திருப்பி வைத்துக்கொண்டாலும் கிதாரின் தலைப்பக்கம் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையில் ஓசை விழும். மெல்ல மீட்டினாலும் ஓங்கி அடித்தாலும் தூரம் மாறாது, ஓசையின் தரம்தான் தூரம். மட்டமான கிதார் பக்கத்தில் விழும், நல்ல கிதார் தொலைவில் விழும். மூடியின் இடைவெளிகளை மெழுகு வைத்து அடைத்ததும் ஓசை கன்னிவாடி வரை போனது. அங்கே ஜக்கம்மாள் என்பவரின் ஆட்டுப்பட்டியில் விழுந்தது, ஆடுகள் அந்த நேரத்தில் தழை தின்னாமல் நிற்கின்றன, நாலடி தள்ளிப் போடுங்கள் என்று அவர் ஆள் அனுப்பினார். இஷாக் கிதாரை நகக்கண் அளவு திருப்பி வைத்தார். அதன் பிறகு டோனி எல்லாக் கறிக்கடைகளிலும் சொல்லி வைத்தார், ஆளில்லாமல் பாட்டுக் கேட்டால் இந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று. இஷாக் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினார். யார் கூப்பிட்டாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "சத்தம் எப்பிடி இருக்கு?" பதிலை நோட்டில் எழுதிக்கொள்வார்.

2016-ஆம் ஆண்டு சித்திரையில் போல்ட்டை எடுத்துவிட்டு எலும்பு வைத்தார். பிரியாணிக் கடையிலிருந்து ஆட்டுக் கால் எலும்பு வாங்கி, கொழுப்புப் போக வேகவைத்து, பூட்டுப் பட்டறைக்காரர் ஆனந்த்ராஜிடம் இரவல் வாங்கிய அரத்தால் ராவி, கம்பிகளுக்கு அடியில் நிறுத்தினார். இரும்புக்கும் எலும்புக்கும் உள்ள வித்தியாசத்தில் ஓசை முப்பது கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வத்தலக்குண்டில் தோல் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், தம்பி அங்கே இருக்கக்கூடும் என்று அந்தத் திசையில் திருப்பினார். குறி கொஞ்சம் தவறி ஓசை சேவுகம்பட்டியில் சுருளிவேல் என்பவரின் தென்னந்தோப்பில் மோட்டார் ரூமுக்குள் விழுந்தது. சுருளிவேல் ஒருநாள் ஃபோன் செய்தார். "பாட்டு நல்லாத்தேன் இருக்கு பாய். லேசாத் தகர டப்பா மாதிரி இருக்கு, அம்புட்டுத்தான்." இஷாக் நோட்டில் தகர டப்பா என்று எழுதி அடிக்கோடு போட்டார். நான்கு மாதம் அந்தத் தகரத்தைப் பற்றியே யோசித்தார். கடைசியில் கண்டுபிடித்தார், பெட்டிக்குள் ஓடும் கட்டை மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது, மூடிக்கு அசைய இடமில்லை. ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை கட்டையை உளியால் குடைந்து இடைவெளி விட்டார். தகரம் போய்விட்டது. அன்று முதல் ஓசை சேவுகம்பட்டியில் விழவில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிக் கேரளத்தில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் விழுந்தது. இஷாக்குக்கு அன்று ஒரே சந்தோஷம், டோனிக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

பிறகு வந்த ஏழு வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். தோல் வேலை தெரிந்தவன் தோல் போகிற வழியில்தான் போவான் என்பது பேகம்பூர்க்காரர்களின் எண்ணம், இஷாக்கும் அப்படியே எண்ணினார். தோல் வாணியம்பாடிக்குப் போகிறது, ராணிப்பேட்டைக்குப் போகிறது, சென்னைக்குப் போகிறது, கான்பூர் வரை போகிறது. தரகர் நூர் அகமது எந்த ஊரிலிருந்து வந்தாலும், உங்க தம்பி ஜாடையில ஒருத்தனப் பாத்தேன் என்று ஏதாவது சொல்வார். சொன்ன ஊரை எட்டும் வரை இஷாக் கிதாரைத் திருத்துவார். மூடியை உள்பக்கமாக இழைத்தார். தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தடிமன் சொல்லிவிடுகிற கை அது, ஓரம் ஒரு கனம், நடு ஒரு கனம் என்று பலகையையும் அப்படியே பதப்படுத்தியது. ஓசை வாணியம்பாடியில் விழுந்தது. நடுவில் இருந்த ஓட்டையை அடைத்து மூலைகளில் சின்னச் சின்னதாகத் துளைத்தார், ராணிப்பேட்டை. உள்ளே மூங்கில் சிம்புகள் இரண்டைக் குறுக்கே ஒட்டினார், ஓசை நாக்பூரைத் தாண்டியது. கொரோனாக் காலத்தில் ரயில் ஓடவில்லை, பஸ் ஓடவில்லை, மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்டார்கள். அந்த ஆறு ஸ்வரங்கள் மட்டும் தினமும் மாலை ஐந்து மணிக்குக் கான்பூரில் ஒரு தோல் கிடங்கில் போய் விழுந்தன. அங்கிருந்தவர்கள் நூர் அகமதுவின் ஃபோனில் இந்தியில் சொன்னார்கள், இவ்வளவு சுத்தமான ஓசையை நாங்கள் கேட்டதில்லை என்று. ரஃபி என்று யாராவது இருக்கிறாரா என்று நூர் அகமது கேட்டார். பதினொரு ரஃபி இருந்தார்கள். ஒருவரும் திண்டுக்கல் இல்லை.

2023-ஆம் ஆண்டு கார்த்திகையில் ஒரு பெண் ஃபோன் செய்தார். "பாய், பாட்டுப் போடுறவக நீங்கதானே? நான் சேவுகம்பட்டி அய்யம்மாள் பேசுறேன், சுருளிவேல் வீட்டம்மா. மோட்டார் ரூம இடிச்சிக் கட்டுறோம். செவுத்துல கரியில ஒங்க நம்பர் எழுதிக் கெடக்கு. பாட்ட ஏன் பாய் நிப்பாட்டுனீக?" இஷாக் வழக்கம்போல, "அப்ப சத்தம் எப்பிடிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். அய்யம்மாள், "எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்க தோப்புல வேல பாத்த ரப்பிப் பயதேன் அதக் கேட்டுக்கிட்டே கெடப்பான்," என்றார். இஷாக் டோனியின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து அன்றைக்கே சேவுகம்பட்டிக்குப் போனார்.

மோட்டார் ரூம் இருந்த இடத்தில் செங்கல் குவியல் கிடந்தது. அய்யம்மாள் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். அந்தப் பையன் தேங்காய் உரிக்க வந்தவன், ரெண்டு வருஷம் இருந்தான், ஊர் பேர் கேட்டால் பேச மாட்டான். பாட்டு முதல் நாள் வந்தபோது மோட்டாரை நிப்பாட்டிவிட்டு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "எங்க அண்ணன் வாசிக்கிறாருக்கா, நான் செஞ்ச பொட்டிக்கா அதுன்னு அழுதான் பாய். நாலு மாசம் தெனமும் கேட்டான். அப்பறம் ஒரு நா, வெள்ளிக்கெழம ஊருக்குப் போறேங்கா, அண்ணன் கூப்புட்டுக்கிட்டே இருக்காருன்னு சொல்லி, சட்டையெல்லாம் தொவச்சிக் காயப்போட்டான். வியாழக்கெழம பாட்டு வரல. வெள்ளியும் வரல. பத்து நாள் அந்த ரூமுக்குள்ளயே உக்காந்து பாத்தான். அண்ணனுக்கு மனசு மாறிருச்சுக்கான்னான். தேங்கா லாரி ஒண்ணு போச்சு, அதுல ஏறிட்டான்." இஷாக் இளநீரைக் கீழே வைத்துவிட்டார். ஒங்க வீட்டுக்காரர் ஃபோன்ல இதச் சொல்லலையேம்மா என்றார். அய்யம்மாள் வருத்தத்தோடுதான் சொன்னார்: "நீங்க சத்தம் எப்பிடி இருக்குன்னுதானே கேட்டீக பாய். யாரு கேக்குறான்னு கேக்கலயே."

திரும்பும் வழியில் செம்பட்டிக்குப் பக்கத்தில் டோனி வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. இஷாக் ரோட்டோரப் புளியமரத்தில் கையை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதார். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் நோட்டில் ஏழு வருஷத்துக்கு இருநூற்றுச் சொச்சம் பேர் சத்தத்தைப் பற்றிச் சொன்னது எழுதியிருந்தது, ஒருவர் பேர்கூட எழுதியிருக்கவில்லை. உப்பு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தம்பியின் பெட்டியை எந்த வேலைக்காக மிதித்தாரோ அதே வேலையைத் தானும் செய்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து குர்ஷித் பேகத்திடம் சொன்னார். அவள் திட்டவில்லை. "அவன் கேட்டிருக்கான்ல, அழுதிருக்கான்ல, அது போதும். இனி எந்த ஊரையும் தாண்டிப் போகாதீங்க," என்றாள்.

இதற்குப் பிறகு இஷாக் செய்தது ஊரில் சிலருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பழைய சாமான் கடைகளில் கிடந்த சுருட்டுப் பெட்டிகளை எல்லாம் வாங்கிவந்தார், மட்டமான கிதார்கள் செய்ய ஆரம்பித்தார். தூரத்துக்கு ஒன்றாகச் செய்தால் நடுவில் எந்த ஊரும் விட்டுப்போகாது என்பது அவர் எண்ணம். கெட்ட கிதார் செய்வது சுலபம் என்று நினைப்பவர்கள் செய்து பார்க்கலாம். கை பழகிவிட்ட பிறகு அது தானாகவே சரியான இடத்தில் நிற்கும். சேவுகம்பட்டியின் பழைய தகரச் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர ஐந்து பெட்டிகள் வீணாயின, ஒவ்வொன்றும் கொஞ்சம் நன்றாக அமைந்து தேனிப் பக்கம் போய்விட்டது. பத்து கிலோமீட்டருக்குள் விழும்படி ஒன்று செய்ய அவரால் முடியவே இல்லை. அவ்வளவு கேவலமான ஓசை அவர் கையிலிருந்து வரவில்லை. கடைசியில் கூடத்துச் சுவரில் இருபத்து மூன்று கிதார்கள் தொங்கின, மட்டமானது வாசற்பக்கம், கான்பூர் வரை போவது அடுப்படிப் பக்கம். தினமும் அஸர் முடிந்து ஒவ்வொன்றாக எடுத்து, திசை திருப்பித் திருப்பி வாசித்தார். சமவெளி முழுக்க அந்த ஆறு ஸ்வரங்கள் விழுந்தன. பூந்தோட்டத்தில் விழுந்தன, வெங்காயப் பட்டறையில் விழுந்தன, ஒரு கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் விழுந்து மேளக்காரர்கள் அதையும் சேர்த்து வாசித்துவிட்டார்கள். சனங்கள் ஃபோன் செய்தால் அவர் சத்தத்தைப் பற்றி இப்போது கேட்பதில்லை. "நீங்க யாரு, பக்கத்துல வேற யாரு கேட்டுக்கிட்டு இருக்காக?" என்று கேட்டார். வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் காணாமல் போயிருந்தார்கள், அவர்கள் பேரையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.

2025-ஆம் ஆண்டு பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை குர்ஷித் பேகம் வெஞ்சனத்துக்குப் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவிலிருந்து ஒரு கிதார் கேட்டது. மூன்று ஏறியது, மூன்று இறங்கியது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, இங்க வாங்க. அவந்தாங்க," என்று கூப்பிட்டாள். இஷாக் வந்து டிரம்மின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பத்து வருஷமாகக் கிதார் செய்கிறவர், சுருட்டுப் பெட்டிக் கிதாரின் ஓசையை அன்றுதான் முதன்முதலில் நேரில் காதால் கேட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனாலும் காது தன் வேலையைச் செய்தது. மெழுகுகூட வைக்கவில்லை, கம்பிக்கு அடியில் இரும்பு, கட்டை மூடியைத் தொடுகிறது, மூடி தடிமன். "முப்பது கிலோமீட்டர் இருக்காது புள்ள. இருபதுக்குள்ளதேன் எங்கயோ இருக்கான்," என்றார்.

அந்த வாரம் முழுக்க அதே நேரத்தில் வந்தது. எந்தத் திசை என்று தெரியவில்லை, வந்து விழும் ஓசைக்குத் திசை கிடையாது. வட்டமாக ஒரு சுத்து சுத்தி வந்தா ஆளப் பிடிச்சிரலாம் பாய் என்று டோனி மொபெட்டுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இஷாக்குக்கும் போக வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் போகவில்லை. அவனா வரட்டும், நான் போயி நின்னா மறுபடியும் அண்ணன் மொகத்தப் பாத்துத் தலையக் குனிஞ்சுக்குவான் என்றார். அவருக்கு இருந்த பயம் வேறு. யாராவது அவனுக்கு நல்ல யோசனை சொல்லிவிடுவார்களோ, எலும்பு வை, கட்டையைக் குடை என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்களோ, ஓசை நன்றாகிப் பேகம்பூரைத் தாண்டிப் போய்விடுமோ என்று பயந்தார். தொழுகையில் அதைத்தான் கேட்டார். தம்பியின் கிதாருக்கு எந்த நன்மையும் செய்துவிடாதே என்று அல்லாவிடம் கையேந்தி நின்ற ஒரே அண்ணன் அவராகத்தான் இருக்கும்.

வைகாசியில் ஓசை மாறியது. முதலில் கேட்டது குர்ஷித் பேகம்தான், முகம் வாடிப்போய் வந்து சொன்னாள்: "ஏங்க, சத்தம் முந்தி மாதிரி இல்லைங்க. ரொம்பக் கெட்டுப்போயிருக்கு." இஷாக் ஓடிப்போய்க் கேட்டார். ஒரு கம்பி தளர்ந்து பெட்டியில் இடித்தது, மூடி ஒரு மூலையில் ஒட்டாமல் படபடத்தது. ஆனால் விழுந்த இடம் மாறவில்லை, அதே டிரம், அதே ஃப்ரிட்ஜ். ஓசை மட்டமானால் பக்கத்தில்தான் விழும். மட்டமான ஓசையும் இங்கேயேதான் விழுகிறது என்றால் வாசிக்கிறவன் முன்னைவிடப் பக்கத்தில் இருக்கிறான். இஷாக் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இதை மூன்று முறை சொன்னார். "பன்னெண்டுக்குள்ள வந்துட்டான் புள்ள." ஆனியில் இன்னும் மோசமானது, இஷாக்கின் கைக்கு வராத மட்டம் அது. ஒன்பது கிலோமீட்டர் என்றார். ஆடியில் ஸ்வரம் எது, இரைச்சல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரஃபி திண்டுக்கல்லுக்குள்ளேயே, நாகல்நகர் வரை வந்துவிட்டான் என்று டோனி சொன்னார், அவ்வளவு கேவலமாக இன்னும் ஆகவில்லை என்று இஷாக் மறுத்தார். பேகம்பூரில் இப்போது அக்கம்பக்கத்துப் பெண்கள்கூட அந்த நேரத்தில் வந்து கேட்டுவிட்டு, இன்னைக்கு நேத்தவிட மோசமா இருக்குல்ல என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

நேற்று மாலை ஐந்து மணிக்குக் கேட்டதைக் கிதார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெறும் பலகையைக் குச்சியால் தட்டுவது போல ஆறு தட்டு, நடுவில் ஒரு கம்பி இழுபட்டுக் கீச்சிட்டது. குர்ஷித் பேகம் கடைசித் தட்டு வரை நின்று கேட்டாள். பிறகு டிரம்மைத் திறந்து, ஏற்கெனவே களைந்து வைத்திருந்த அரிசியோடு இன்னும் ஒரு ஆழாக்கு அளந்து போட்டாள்.